ஹாலோ பிளாக் மேல் ஒரு கார்: எங்கள் பகுதிக் காவல் ஆய்வாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். விவரம் உங்களுக்குத் தெரியும். என் காரின் இரண்டு சக்கரம் திருட்டுப்போனது பற்றி நான் எழுதிக் கொடுத்த மனு உங்கள் நிலையத்தில்தான் இருக்கிறது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு நீங்கள் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது என்னிடம் இருக்கிறது. அதில் எண் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையெழுத்துகூட இருக்கிறது. வழக்குப் பதிந்ததற்கான எப்.ஐ.ஆர். மட்டும் இல்லை. இன்றோடு 26 நாள் ஆகிறது. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

சம்பவத்துக்கு முந்தின நாள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மறுநாள் காலை எட்டரைக்குக் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஏழு மணிக்கே புறப்பட்டு, ஒரு கண்ணில் கட்டோடு காம்பவுண்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். நான் சாவியோடு இறங்கி வந்தபோது, "ஏண்டா, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?" என்றார். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். தெருப்பக்கச் சக்கரம் இரண்டும் இருந்ததால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் முன்னாலும் பின்னாலும் சக்கரம் இல்லை என்று தெரிந்தது. பின்பக்கம் ஹாலோ பிளாக்கில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கத்துக் கல் பாரம் தாங்காமல் உடைந்து, பிரேக் டிஸ்க் மண்ணில் இறங்கியிருந்தது. கழற்றிய எட்டு நட்டில் ஏழு நட்டை வைப்பருக்கு அடியில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒழுங்கானவர்கள்.

அந்த ஹாலோ பிளாக் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மழைநீர் வடிகால் வேலைக்கென்று எங்கள் தெருமுனையில் கொட்டி, வேலையையும் மறந்து கல்லையும் மறந்துவிட்டுப் போனார்களே, அதே கல். திருட வந்தவன் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும், மற்றதெல்லாம் தெருவிலேயே தயாராக இருக்கிறது.

அன்று அம்மாவை ஆட்டோவில்தான் அழைத்துப் போனேன். குனியக் கூடாது, அதிரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருப் பள்ளங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா கட்டுப் போட்ட கண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கிய பிறகு, "போலீஸ்ல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். மதியமே நிலையத்துக்கு வந்தேன். முதலில் வெள்ளைத்தாளும் கார்பனும் வாங்கிவரச் சொன்னார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கி வந்தேன். எழுதும்போது, காணாமல் போன பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டார் அங்கிருந்தவர். இரண்டு அலாய் வீல், இரண்டு டயர், விலைப்பட்டியலின்படி 31,400 ரூபாய் என்றேன். "பழைய டயருக்கு ஏன் சார் இவ்வளவு? நாலாயிரத்துச் சொச்சம்னு போட்டுக்கலாமே" என்றார். ஏதோ என் நல்லதுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டப் போனேன். நல்லவேளை, வாங்கிய பில் செல்போனில் இருந்ததால் உள்ளதையே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து சட்டம் தெரிந்த நண்பரிடம் கேட்டபோதுதான் கணக்குப் புரிந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆவது பிரிவு. திருட்டுப்போனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், அது போலீஸ் தானாகவே வழக்குப் பதியும் குற்றமாக வராது. நாலாயிரத்துச் சொச்சத்தின் மகிமை அதுதான். 5,000ஐத் தாண்டினால் பதிந்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதைத்தான் சொன்னது. முதலில் விசாரித்துவிட்டுப் பதிகிறோம் என்றாலும், மேலதிகாரியின் அனுமதி வாங்கி 14 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது குற்ற வழக்கு நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. இவையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியவை அல்ல. இதைப் பாடம் படித்துத்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பீர்கள். 26 நாள் என்பது 14ஐவிடப் பெரியது என்று மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

எப்.ஐ.ஆருக்கு ஏன் இப்படி அலைகிறேன் என்று நிலையத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், அவன் குடுத்துடுவான்" என்றார். இன்சூரன்ஸ்காரரிடம் போனால், "எப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாங்க சார், அப்புறம் சேதத்த மதிப்பிட சர்வேயரை அனுப்புறோம்" என்கிறார். சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியே எல்லாம் கூடி வந்தாலும் கிடைக்கப்போவது எவ்வளவு? டயருக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் தனி. நான்கு ஆண்டு ஒரு பைசா கேட்காமல் சேர்த்து வைத்த 45 சதவீத போனஸ் தள்ளுபடி அடுத்த பிரீமியத்தில் பறந்துவிடும். பணத்துக்காக மட்டும் நான் நடக்கவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை நகர்த்தவோ பழுது பார்க்கவோ கூடாதாம். ஆகவே அது அதே கல்லின் மேல் அப்படியே நிற்கிறது. டிஸ்க் துருவேறிச் சிவந்துவிட்டது. ஒரு பூனை அதன் அடியில் மூன்று குட்டி போட்டது. அந்தக் குட்டிகளுக்கு எல்லாம் கண் திறந்தாகிவிட்டது.

அடுத்து உங்கள் நிலையத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகள். வெளிச்சத்தில் நிறுத்துங்கள், லாக் நட் போடுங்கள், கேமரா வையுங்கள். "உங்க வண்டிய நீங்கதான் சார் பாத்துக்கணும்." சரி, பார்த்துக்கொண்டேன். மிச்சமிருக்கும் இரண்டு சக்கரத்துக்கும் லாக் நட் போட்டாகிவிட்டது. அதைக் கழற்றும் சாவியை டேஷ்போர்டில் போட்டு வைத்தால் பூட்டின் மேலேயே திறவுகோலைத் தொங்கவிட்ட மாதிரி என்பதால் வீட்டு பீரோவில் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் சொன்னார், தெரிந்தவனுக்கு லாக் நட் பத்து நிமிடத் தாமதம்தானாம். அந்தப் பத்து நிமிடத்தில் ரோந்து வண்டி ஒன்று வந்தால் அது பூட்டு. வராவிட்டால் அது வெறும் நட்டு.

நானும் தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் அளவு இடம் விட்டு நிறுத்தியிருந்தேன். சுவரை ஒரு சாண் நெருங்கி நிறுத்தியிருந்தால் அந்தப் பக்கம் எவனும் ஸ்பேனரைச் சுழற்றியிருக்க முடியாது. ஸ்டீயரிங்கை ஒடித்து, முன்சக்கரத்தைக் கோணலாக விட்டிருந்தால் கழற்றுவதும் கொஞ்சம் சிரமமாகியிருக்கும். கதவைத் தொட்டால் தெருவையே எழுப்பும் என் வண்டியின் அலாரம், ஜாக்கி போட்டுத் தூக்கினால் வாயே திறக்காது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் தனியாக வைக்க வேண்டுமாம். இவற்றையெல்லாம் தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். போன டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக்கூட மனுவில் எழுதியிருக்கிறேன். 2223, அதாவது 2023இன் 22ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு மெக்கானிக் கடைக்கும் ஒரு காயலான் கடைக்கும் உங்கள் ஆள் ஒருவர் அந்தத் தாளோடு போய் வந்தாரா?

கேமரா விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாநகரக் காவல்துறை "மூன்றாவது கண்" என்று சொல்லித் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னபோது, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வசூல் செய்து முனையில் இரண்டு வைத்தோம். பதிவைக் கேட்டு வந்தபோது, அவை எப்போதிருந்து ஓடவில்லை என்பதே நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை. கட்டுப் போட்ட அம்மாவின் ஒற்றைக் கண் பார்த்ததை அந்த மூன்றாவது கண் பார்க்கவில்லை. ஆனால் பெரிய சாலையில் ஹெல்மெட் போடாமல் போனால் நம்பர் பிளேட்டைப் படித்து வீட்டுக்குச் சலான் அனுப்பும் கேமரா மட்டும் ஒரு நாளும் கெட்டுப்போவதில்லை. முக்கியப் புள்ளி யாராவது இந்த வழியே போகிறார் என்றால் விடியற்காலையில் வந்து எங்கள் வண்டிகளை எடுக்கச் சொல்ல ஆள் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதே தெருவில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறவனை ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

மன்னிக்கவும், சலான் கோபத்தையும் இங்கே கொட்டிவிட்டேன். அது வேறு துறை, வேறு மடல்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு மூன்று வாரம் முன்பே இதே தெருவில் ஓர் ஆட்டோவின் பின்சக்கரமும் ஸ்டெப்னியும் போயின. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். அன்று ஏழு வீட்டுக்கும் நடந்து போய், வண்டி வராது என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "புகார் குடுக்கப் போனா ஒரு நாள் போயிடும் சார். அந்த நேரத்துல கடன் வாங்கி வீல் மாட்டுனா சாயங்காலம் சவாரி ஓட்டிடலாம்" என்றார். உங்கள் பதிவேட்டில் எங்கள் தெருவில் திருட்டே இல்லை என்று இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். அவருடைய சக்கரத்துக்கு அன்றைக்கே வழக்குப் பதிந்து, இரவில் இரண்டு தடவை ரோந்து வந்திருந்தால் என்னுடையது போயிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கும் உரிமையாவது எனக்கு இருக்கிறது.

ஆகவே ஐயா, பணிவாகவே கேட்கிறேன். என் மனு மீது எப்.ஐ.ஆர். பதியுங்கள். சட்டப்படி இலவசமாகத் தர வேண்டிய அதன் நகலைத் தாருங்கள். அந்தக் கேமரா இரண்டையும் பழுது பார்க்க ஒருவரை அனுப்புங்கள், செலவைத் தெருவில் பிரித்துக்கொள்கிறோம். ஆட்டோக்காரரையும் அழைத்து வருகிறேன், அவரிடமும் ஒரு மனு வாங்கிக்கொள்ளுங்கள். பதிய முடியாது என்றால் அதைக் காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு உங்கள் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்கிறேன்.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் நிலையத்துக்கு வருகிறோம். வெள்ளைத்தாள் ஒரு குயர் வாங்கி வைத்திருக்கிறேன். கார்பனும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஹாலோ பிளாக் மேல் நிற்கும் காரின் உரிமையாளன்