இம்பிங்டன் வில்லேஜ் காலேஜுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், அலுவலகத்தாருக்கும், சாப்பாட்டுக்கூடத்து அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்டில் உங்கள் பள்ளியில், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வின் முடிவு வந்த காலை, உறையைப் பிரித்தவள் மகள். கை நடுங்கியது எனக்கு. அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. மனசில் இருப்பது தமிழில்தான் முழுசாக வருகிறது. அவள் உங்களுக்கு வாசித்துப் பொருள் சொல்வாள்.

தஞ்சாவூரிலிருந்து கேம்பிரிட்ஜ் பக்கம் குடிவந்தபோது அவளுக்கு வயது 12. வருஷத்தின் நடுவில், ஜனவரிக் குளிரில் கொண்டுவந்து சேர்த்தோம். ஹிஸ்டன், இம்பிங்டன் என்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே இவள் மட்டும் புதுசு. வகுப்பாசிரியரே, அவள் பெயரில் உள்ள ழகரம் நாக்கில் படியும்வரை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பழகினீர்களே! அன்றுதான் அவள் வீட்டுக்கு வந்து தானாகப் பள்ளிக்கதை பேசினாள். முட்டை கலக்காத சாப்பாட்டைத் தனியே எடுத்துவைத்த கையையும் மறக்கமாட்டேன்.

எனக்கும் அங்கே இடம் கொடுத்தீர்கள். மாலை ஆங்கில வகுப்பில் ஹென்றி மோரிஸ் பற்றிச் சொன்னார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் கல்வி அதிகாரியாக இருந்தவர். சுற்றுவட்டக் கிராமங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பள்ளி, அதுதான் அவர் சொன்ன வில்லேஜ் காலேஜ்; பகலில் பிள்ளைகள், மாலையில் பெரியவர்கள். 3 வயதில் நுழைகிறவர் தள்ளாத வயதில்தான் வெளியேற வேண்டும் என்று 1924லேயே எழுதிவைத்தாராம். முதலில் சாஸ்டனில் 1930இல் ஒன்று, இம்பிங்டன் 1939இல். வால்டர் கிரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் வடிவமைத்த கட்டடம். அந்த ஃப்ரை பின்னாளில் நம் சண்டிகரில் வீடுகள் வடிவமைத்தவர் என்று கேட்டபோது, வளைந்த சன்னல்களின் ஓரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மோரிஸ் மனசில் இருந்தது எங்கள் வீட்டில் நடந்தது. பகலில் மகள் உட்கார்ந்த நாற்காலியில் சில மாலைகளில் நானும் உட்கார்ந்திருப்பேன். மருத்துவரிடம் அவளைத் துணைக்கு அழைக்காமல் நானே பேசிவிட்டு வந்த நாளை என் ஆசிரியையிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்தக் கடன் எப்படித் தீரும்?

மகள் இனி வேறு கல்லூரிக்குப் போகிறாள். நான் வியாழன் மாலை வகுப்புக்கு வருகிறேன். நிலக்கடலை போடாமல் புளியோதரை கிளறிக் கொண்டுவருவேன். சாப்பாட்டுக்கூடத்து அக்காமார்களுக்குத் தனியாக ஒரு பாத்திரம்.

அன்புடன்,
உங்கள் மாணவி, ஒரு மாணவியின் அம்மா