கூட்டம் முடிந்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். வாலிபர் ஐக்கியத்தை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். கீபோர்டு, புரொஜெக்டர், மே மாத முகாம் என்று போனில் அத்தனையும் சொன்னாய். கூட்டம் முடிந்த பிறகு என்ன செய்வாய் என்று மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்ப் பையன்கள் ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். வாய்க்கால் மதகில் போய் உட்காருவார்கள். நான் ஓய்வுநாள் பள்ளி நடத்தியபோது பத்தாவது படிக்கிற பையன் ஒருவன், அப்பா சிங்கப்பூரில். ஒருநாள் எல்லாரும் போன பிறகும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெடலில் காய்ந்திருந்த வயல் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். நானும் பேசாமல் நின்றேன். பாதிப் பெடல் சுத்தமான பிறகுதான், "அக்கா, எனக்கு ஜெபம் பண்ணவே வரல" என்றான். அப்புறம் வீட்டுச் சண்டை, தூங்காத ராத்திரிகள் எல்லாம் வந்தது. வசனம் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. பெண்கள் ஐக்கியத்தில் அதை ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் அப்பா வெளிநாட்டில் இருக்கிற பத்தாவது பையன் நம் சபையில் எத்தனை பேர்? செவ்வாய்க்கிழமைக்குள் அவன் அம்மா காதுக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவால்ல டீச்சர்" என்றான். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

பிள்ளைகள் உன்னிடம் சொல்வது ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகக்கூடாது, தம்பி. அதற்காக, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்கும் கொடுத்துவிடாதே. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் ஒருவர் தப்பாக நடந்துகொண்டது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பாற்ற 2012-ல் வந்த போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நடந்துகொண்டவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, மூப்பர்கள் கூடிப் பேசி முடிக்கிற காரியம் இல்லை அது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் உதவுவார்கள். செத்துவிடலாம்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் தனியாக விடாதே. கூடவே இருந்து, மனநல உதவி எண் 14416-க்குப் பேசு.

முகாமில் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாயே, நல்ல யோசனை. 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தைக் காட்டு. அதைக் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு 1706-ல் அங்கே வந்து இறங்கியபோது கிட்டத்தட்ட உன் வயசு, 24 கூட நிரம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

வேதத்தில் வருகிற வாலிபன் ஐத்திகுவையும் நினைத்துக்கொள். பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். தூங்கினதற்குப் பவுல் அவனைத் திட்டவில்லை. பிரசங்கத்தை அப்படியே விட்டு, கீழே இறங்கிப்போய்க் கட்டிக்கொண்டார்.

வருகிற ஞாயிறு ஆலயத்தைப் பூட்டுகிற வேலையை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு மதகுக்குப் போ. ராத்திரி எனக்கு ஒரு போன் போடு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்லவேண்டாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் அக்கா