சிங்கப்பூர்ப் பயணம்: சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்குள் நுழைய விசாவுடன் மின்னணு வருகை அட்டையும் தேவை. சென்று சேரும் நாளோடு முடியும் 3 நாட்களுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொருவரும் அதை நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால், பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை குத்தமாட்டார்கள். தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். எத்தனை நாட்கள் அனுமதி என்பதை அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கச் சோதனையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நம் வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலைப் பையில் வைத்திருக்கும் மெல்லும் புகையிலை அங்கே தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், புறப்படும் முன் நீங்களே அந்தப் பையைத் திறந்து பார்த்து அதை எடுத்துவிடுங்கள். சூயிங் கம், மின்சிகரெட் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. சிகரெட்டுக்குத் தீர்வைச் (சுங்க வரிச்) சலுகையே இல்லாததால், ஒரு பாக்கெட் இருந்தாலும் சிவப்பு வழியில் சென்று அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ரொக்கம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். மற்றவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை, வேண்டியவர் ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அட்டையை நிரப்பியவர்கள் இங்கே தெரிவியுங்கள். நிரப்பத் தெரியாதவர்களுக்கு நான் உடனிருந்து உதவுகிறேன்.