வெள்ளைச் சுறாவை உயிரோடு பார்த்தேன், அப்பா

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இயேசுவுக்கே புகழ். கோயில் தெரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்ல தமிழ்ப் பூசை முடிஞ்சதும் அம்மாவோட கடுதாசியையும் மக்ரூன் டப்பாவையும் கையில கொடுத்தாரு. ரெண்டும் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. நான் நல்லா இருக்கேன். கப்பல் யார்டுல ஓவர்டைம் குறைச்சிட்டாங்க, அதனால ராத்திரி நல்லாத் தூங்க முடியுது. ரூமுல இன்னொரு பையனும் சேர்ந்திருக்கான், பேச்சுத் துணைக்கு ஆச்சு.

போன்ல அப்பா "சரிப்பா, உடம்பப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட கொடுத்துருவீங்க. இது நின்னு நிதானமாச் சொல்ல வேண்டிய சங்கதி, அதான் எழுதுறேன். தம்பியச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.

எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தெரியுமில்ல, காரிடார்ல மீன்தொட்டிய வச்சுக்கிட்டு அதோடயே பேசிக்கிட்டு இருப்பாரே, அவர் வயசுல பூராவும் சுறாப் பீலி, அதான் சுறாவோட துடுப்ப, வித்தவரு. நாம ஏவாரிகிட்ட எடை போட்டுக் கொடுத்ததுகூட அவர் கடைக்கு வந்திருக்கலாம். இங்க கல்யாண விருந்துல பீலி சூப்பு வைக்காட்டி மரியாதை இல்லைன்னு இருந்துச்சாம். அப்புறம் சின்ன வயசுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. 2012ல ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் கடைகளே பீலி விக்கிறத நிறுத்திருச்சு. பாட்டி போனதும் இவரும் கடைய மூடிட்டாரு. ஆனா மனுஷன் உயிரோட ஓடுற பெரிய சுறாவ ஒருநாளும் பார்த்ததில்ல. அது அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல இருக்குற மகன் டிக்கெட் போட்டான். அவனுக்குக் கடல் ஒத்துக்காது, வாந்தி எடுப்பான். தாத்தாவத் தனியா அனுப்ப மனசில்லாம என்னைக் கேட்டாங்க. செலவு முழுக்க அவங்களோடது. அம்மா அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க.

அடிலெய்டுக்கு ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட பறக்கணும். அங்கேருந்து சின்ன விமானத்துல போர்ட் லிங்கன். அது சூரை மீன் ஊரு. நாம ஆடி மாசத்துக் காத்துல நிப்போம், அவங்களுக்கு அது நடுக் குளிர்காலம். குளிர்னா என்னன்னு அங்கதான் தெரிஞ்சுது. விடியறதுக்கு முன்னாடி துறைமுகத்துக்குப் போனோம். டீசலும் மீனும் கலந்த வாசனை மூக்குல ஏறுச்சு. ஒரு பெரியவர் படகு அணியத்துல உட்கார்ந்து, பல்லால கயிறக் கடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தாரு. அப்பா, என்னால அதுக்கு மேல பார்க்க முடியல. தாத்தா கேட்டதுக்கு, காத்துல கண்ணு எரியுதுன்னு சொல்லிட்டேன்.

நெப்டியூன் தீவுகள் அங்கேருந்து தெக்கே சுமார் 70 கிலோமீட்டர். பாறை பூராவும் கடல்நாய்க் கூட்டம். அதத் தின்னத்தான் வெள்ளைச் சுறா வருது. குளிர்காலத்துல வாரது பெரிய பெட்டைங்களாம். சூரைச் செவுளையும் வாலையும் கயித்துல கட்டிப் போடுறாங்க, அது கவ்வ வந்தா இழுத்துக்கிடுறாங்க. படகுக்குப் பின்னால இரும்புக் கூண்டு பாதி முங்கித் தொங்கும். மேலேருந்து குழாயில காத்து வரும், அதக் கவ்விக்கிட்டு உள்ள நிக்கணும், அவ்வளவுதான். நம்ம தாத்தா 1961ல, நம்ம பக்கத்துக் கடைசி முத்துக்குளிப்புல, வெறும் மூச்ச அடக்கி முங்கின கடலை நினைச்சுக்கிட்டேன். அந்தக் காலத்துல சுறா வாயக் கட்ட மந்திரம் சொல்ற கடல்கட்டி கூட வருவாருன்னு சொல்வாங்கள்ல.

இந்தக் கூண்ட முதல்ல யோசிச்சது ராட்னி ஃபாக்ஸ்ங்கிற மனுஷன். 1963ல ஈட்டி வச்சு மீன் குத்துற போட்டியில வெள்ளைச் சுறா அவரக் கடிச்சுக் குதறிருச்சு. பொழச்சு வந்தவரு மிருகக்காட்சி சாலையில சிங்கக் கூண்டப் பார்த்து, கடல்ல மனுஷன் கூண்டுக்குள்ள நின்னா என்னன்னு யோசிச்சிருக்காரு. பின்னால அந்தச் சுறாவையே காப்பாத்தணும்னு பேசுனவரும் அவருதான்.

அப்பா, அது வந்துச்சு. ரெண்டு பாகத்துக்கு மேல, பன்னெண்டு அடிக்குக் குறையாம இருக்கும். முதுகு சாம்பல், அடிவயிறு வெள்ளை. தூரத்துல இருந்தப்போ தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. அவசரமே படாம, நம்ம வள்ளம் முழுப் பாயோட திரும்புற மாதிரி திரும்புச்சு. கண்ணு கருப்புன்னு நினைச்சிருந்தேன், நல்ல கருநீலம். என்னைப் பார்த்துச்சு. சுறா வெட்டும்போது மூக்குல புள்ளி புள்ளியா ஓட்டை இருந்து கோழை வருமே, அதுவழியாத்தான் அது தண்ணிக்குள்ள மின்சாரத்த உணருதாம். மீன் துடிச்சாத் தெரியும், இரும்புக் கூண்டுல லேசா ஓடுறதும் தெரியும். அதான் கம்பிய மூக்கால மோந்துக்கிட்டே போச்சு. சின்ன வயசுலருந்து அந்தக் கோழைய வழிச்சுப் போட்ட கை இது.

சீனத் தாத்தா கூண்டுக்குள்ள இறங்கல. மேல் தட்டுல நின்னு, பீலி தண்ணிக்கு மேல வரும்போதெல்லாம் கைய நீட்டிக் காட்டிக்கிட்டே இருந்தாராம். நான் ஏறி வந்ததும், "இத்தனை வருஷம் இதுல ஒரு துண்டத்தான் பார்த்திருக்கேன்"னு சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் வேற எதுவும் பேசல.

எனக்கு நீங்க வலைய அறுத்து விட்ட திமிங்கலச் சுறாதான் ஞாபகம் வந்துச்சு. புது வலை. வட்டிக்கு வாங்கினது. ஏவாரி கரையில நின்னு சத்தம் போட்டான், நீங்க ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சீங்க. அந்தக் கூண்டுக்குள்ள என் பக்கத்துல நிக்க வேண்டிய ஆளு நீங்கதான் அப்பா. இதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் வர முடியாது போல. வேலை பாஸ் புதுப்பிக்கிற நேரம், லீவு கேக்க முடியாது. கொடியேத்தத்தன்னைக்கு எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி ஏத்துங்கம்மா. இந்த மாசப் பணம் கொஞ்சம் பிந்தி வரும், ஆனா வந்துரும். அக்கா வளையல மீட்கிற தவணைய அதுலருந்தே கட்டிருங்க, மச்சான்கிட்ட கேக்க வேண்டாம்.

வள்ளத்த விக்கிறதப் பத்தி எழுதியிருந்தீங்க. சித்தப்பாகிட்ட இப்போதைக்கு விலை பேசாதீங்க. எஞ்சின் பழுதுக்கு என்ன ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. தம்பி கடலுக்குத்தான் போவேன்னு நிக்கிறானாம். போகட்டும், ஆனா படிச்சிட்டுப் போகட்டும். நம்ம ஊர் மீன்வளக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்க. பிளஸ் டூ மார்க் ஷீட்டயும் சாதிச் சான்றிதழையும் படம் எடுத்து இன்னைக்கே எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுங்க, பாரத்த நானே இங்கேருந்து நிரப்பிடுறேன்.

அன்புடன்,
உங்க மூத்த மகன்