சுவிற்சர்லாந்தின் தூன் நகரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

என்னிடம் வந்து நின்றுவிட்டுப் போன பெரிய மாமாவும் மாமியும் சுகமாக ஊர் வந்து சேர்ந்த செய்தி நேற்று இரவு கிடைத்தது. மலையில் மாமிக்குத் தலைசுற்று வந்ததைத்தான் அவர்கள் உங்களிடம் முதலில் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டதும் "எனக்கு அந்த மலையும் வேண்டாம், குளிரும் வேண்டாம்" என்று நீங்கள் முடிவெடுத்துவிடுவீர்களோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

அன்று நடந்தது முழுக்க என் பிழை. யுங்ஃப்ராவ்யோக் என்ற அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம் அதுதான். ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்து பதினாறு வருடங்கள் வேலை செய்து, 1912ஆம் ஆண்டு அந்தப் பாதையைத் திறந்திருக்கிறார்கள். அதைத் தொடங்கிய அடோல்ஃப் குயர்-செல்லர் முடிவைக் காணாமலே 1899இல் இறந்துபோனார். முன்பு மேலே போய்ச் சேர நிறைய நேரம் பிடிக்கும். 2020 டிசம்பரில் கிரிண்டல்வால்டிலிருந்து புதிய கம்பிவழி ஊர்தி வந்த பிறகு, பதினைந்து நிமிடத்தில் ஐகர் பனியாற்றின் அடிவாரத்துக்கு ஏறிவிடலாம். அங்கே ரயிலைப் பிடித்தால் சுரங்கத்துக்குள்ளாலேயே மேல் நிலையத்துக்குப் போய்விடலாம். எனக்கு லீவு கிடைத்த ஒரே சனிக்கிழமை அது என்பதால், விரைவாகப் போவதே நல்லது என்று நினைத்து அந்த வழியில் கூட்டிக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுவதும் கடல் மட்டத்தில் இருந்தவர்களை இரண்டு மணி நேரத்துக்குள் அந்த உயரத்துக்கு ஏற்றினால் உடம்பு எப்படித் தாங்கும்? அங்கே காற்றின் அழுத்தம் எங்கள் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். பனிக்குள் குடைந்த மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தபோது மாமி என் கையை இறுக்கிப் பிடித்து, "பிள்ளை, நிலம் அசையுது" என்றார். இருத்தி, தண்ணீர் கொடுத்து, அடுத்த ரயிலிலேயே இறக்கிவிட்டேன். கீழே வர வர முகம் தெளிந்துவிட்டது. ஆனால் வெளியே முழுவதும் முகில் மூடியிருந்தபடியால், ஆல்ப்ஸிலேயே மிக நீண்ட பனியாறான அலெட்ச்சை அவர்கள் பார்க்கவே இல்லை. காலையில் மேலேயுள்ள கமராப் படத்தைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுவதுதான் இங்குள்ளவர்களின் வழக்கம். படத்தில் வெள்ளையாகத் தெரிந்தும் நான் வெளிக்கிட்டேன். அந்த ரயில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு இருநூறு பிராங்குக்கு மேல் வரும். ஒரு மாதத்துக்கான அரைக்கட்டண அட்டை எடுத்திருந்ததால் பாதிதான் முடிந்தது. பணத்தைவிட, அவ்வளவு தூரம் வந்தும் அதைக் காட்ட முடியாமல் போனதே எனக்குப் பெரிய கவலை.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய வாரம் அந்தக் கவலை தீர்ந்தது. இலையுதிர் காலத்தில் ஏரியும் ஊரும் நாட்கணக்காகப் பனிப்புகாருக்குள் கிடக்கும். புதிதாக வந்தவர்கள் வெயிலே இல்லையென்று வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள், ஆனால் மேலே போனால் நல்ல வெயில் இருக்கும். அப்படியொரு காலையில் கமராவைப் பார்த்துவிட்டு, தூன் ஏரிக்கரையிலிருந்து நீடர்ஹார்ன் மலைக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். அது இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதி வழியில் பேயாட்டன்பேர்க் ஊரில் இறங்கி, தேத்தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் இருந்துவிட்டுத்தான் மேலே ஏறினோம். புகாரைக் கடந்து வெளியே வந்தபோது ஏரி முழுவதையும் மூடி வெள்ளைக் கடல் ஒன்று பரந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஐகர், மொங்க், யுங்ஃப்ராவ் மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. யுங்ஃப்ராவ் என்றால் கன்னி, மொங்க் என்றால் துறவி என்று சொன்னேன். மாமி இரண்டு கைகளையும் கூப்பிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். தலைசுற்று எதுவும் வரவில்லை.

மாமாவுக்குப் பிடித்தது வேறு. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ட்ரும்மல்பாக் என்று ஓர் அருவித் தொகுதி மலையின் உள்ளேயே விழுகிறது. அந்த மூன்று மலைகளின் பனியாறுகள் உருகி வரும் நீர் அது. பெருகும் காலத்தில் நொடிக்கு 20,000 லீற்றர் வரை இறங்குமாம். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில், கிணற்று நீரை மணிக்கணக்குப் பார்த்து வெங்காயப் பாத்திக்கு இறைத்தவர் அல்லவா அவர்? கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்க, அங்கேயே நின்றுவிட்டார்.

அதைவிடவும் அவர் மனதில் நின்றது யுஸ்டிஸ்டால். தூன் ஏரிக்கு மேலே, சிக்ரிஸ்வில் ஊரைத் தாண்டிய ஒரு பள்ளத்தாக்கு அது. கோடை முழுவதும் பல வீட்டு மாடுகளை அங்கே ஒன்றாக மேய்த்து, ஒன்றாகப் பால் கறந்து, அங்கேயே சீஸ் செய்து மரக் களஞ்சியங்களில் அடுக்கி வைப்பார்கள். செப்டம்பரில் ஒரு நாள் அந்தச் சீஸைப் பங்கு பிரிப்பார்கள். நாங்கள் மாமியின் காலுக்கு ஏற்றபடி மெல்ல நடந்து போனோம். ஆட்கள் வரிசையாக நின்று, வண்டிச் சில்லுப் போன்ற சீஸ் வட்டங்களைக் கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுவந்து, புல்லின்மேல் குவியல் குவியலாக அடுக்கினார்கள். எவருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அதற்கேற்பப் பங்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள், ஆகையால் நல்லதைப் பொறுக்கிக்கொள்ள ஒருவராலும் இயலாது. நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்னரே மாமா, "இது எங்கடை பங்குக் கிணறு மாதிரி" என்றார். முழங்கால் வரை சேறு பட்ட ஒரு முதியவர் சீஸில் ஒரு துண்டை வெட்டி மாமாவிடம் நீட்ட, மாமா அவருடைய உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்து, தன் கையையும் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. பிறகு பூக்களும் பெரிய மணிகளும் கட்டிய மாடுகள் இறங்கி வந்தன. அந்த மணிச் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது, அம்மா.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் கட்டடத்தில் துணி துவைக்கும் அறை எல்லாருக்கும் பொது, எங்களுக்கு உரிய நாளில்தான் துவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடும் வேலை எதுவும் செய்வதில்லை. செத்தல் மிளகாய் வறுத்தால் மாடிப்படி முழுவதும் மணக்கும், ஆகையால் வறுத்து இடித்த தூளை ஊரிலிருந்தே கொண்டுவருவது நல்லது. வெள்ளிக்கிழமைகளில் பேர்ண் நகரில் உள்ள கோயிலுக்குப் போனோம். 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த மண்டபமும் இருக்கும் அதே கூரையின் கீழ் எங்கள் சிவன் கோயிலும் இருக்கிறது. அங்கே தமிழில் பூசை நடந்ததைப் பார்த்து மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

செலவை நினைத்துத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விசாவுக்காக நான் கையொப்பமிடும் பொறுப்புப் பத்திரம் 30,000 பிராங் வரை என்பதை மாமா சொல்லிப் பயமுறுத்தியிருப்பார். அது கட்டும் பணம் அன்று. உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் செலவை நான் ஏற்பேன் என்ற வாக்குறுதிதான். நான் உங்களுக்குப் பிள்ளையாகப் பிறந்தபோதே அந்தப் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. தொண்ணூறு நாள் வரை இருக்கலாம். அடுத்த செப்டம்பர் தொடக்கத்தில் வந்தால் யுஸ்டிஸ்டாலும் பார்க்கலாம், குளிர் கடுமையாகும் முன் திரும்பவும் செய்யலாம். உங்களை மூவாயிரம் மீட்டருக்கு ஏற்றமாட்டேன். நீடர்ஹார்னில் மாமி இருந்த அந்த வாங்கிலேயே இருத்துவேன்.

உங்கள் கடவுச்சீட்டின் காலாவதித் தேதியைப் பார்த்து அடுத்த முறை சொல்லுங்கள். முடிந்திருந்தால் தம்பியுடன் போய் இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுங்கள். கம்பளிக் காலுறையும் மேற்சட்டையும் நான் இங்கே வாங்கி வைக்கிறேன். செருப்பு அளவை மட்டும் ஒரு கடதாசியில் கால் வைத்து வரைந்து அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மகள்