'போகஸ்' என்றால் போலி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் 'போகஸ்' (bogus) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'போலி' என்று மட்டும் பொருள் தந்திருக்கிறீர்கள். கள்ள நாணயத்துக்கும் கள்ள ஓட்டுக்கும் அது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கள்ள நாணயம் அடிக்கும் கருவிக்கே அந்தப் பெயர் இருந்தது. ஆனால், ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத, வெறுமனே ஆதாரமற்ற ஒன்றையும் இன்று ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்காக ஒருவர் இரண்டாண்டு வழக்காட நேர்ந்தது. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், 2008 ஏப்ரலில் லண்டன் 'கார்டியன்' நாளிதழில் கைரோபிராக்டிக் பற்றி எழுதினார். முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தும் சிகிச்சை அது. குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் காதுத் தொற்றுக்கும்கூட அது உதவும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் கூறிவந்தது. அதற்குத் துளி ஆதாரமும் இல்லை, இருந்தும் சங்கம் 'போகஸ்' சிகிச்சைகளை மகிழ்ச்சியோடு முன்னிறுத்துகிறது என்றார் சிங். சங்கம் பத்திரிகையை விட்டுவிட்டு அவர்மீது மட்டும் அவதூறு வழக்குத் தொடுத்தது. பயன் தராது என்று தெரிந்தே சங்கம் அந்தச் சிகிச்சைகளைப் பரப்புகிறது என்பதுதான் கட்டுரையின் பொருள் என்று 2009 மே மாதம் நீதிபதி ஈடி தீர்மானித்துவிட்டார். சிங் சொல்லாத குற்றச்சாட்டு அது. அதை அவர் எப்படி நிரூபிப்பார்? அடுத்த ஆண்டு ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் எழுதியது கருத்துதான், நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு அல்ல என்று கூறியது. அதே மாதம் சங்கம் வழக்கைக் கைவிட்டது. 2013இல் அங்கே அவதூறுச் சட்டம் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கு எழுப்பிய கொதிப்பும் ஒரு காரணம்.

நம் 'போலி'யும் அப்படியொன்றும் எளிய சொல் அல்ல. இலக்கணத்தில் அது பாவம், ஒரு குற்றமும் அறியாதது: பொருள் மாறாமல் கடைசி எழுத்து மட்டும் மாறி, பந்தல் 'பந்தர்' என்று ஆனால் அது கடைப்போலி, அவ்வளவுதான். போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று நாளிதழ்களில் படித்துப் படித்து, இப்போது அந்தச் சொல்லைக் கண்டாலே கைவிலங்கு நினைவுக்கு வருகிறது. பலனில்லாத வைத்தியத்தைப் 'போலிச் சிகிச்சை' என்று நீங்கள் எழுதினால், அதை மனதார நம்பிச் செய்பவரும் மோசடிக்காரர் ஆகிவிடுவார்.

'ஆதாரமற்ற', 'பயனற்ற' என்ற பொருள்களையும் அடுத்த இதழில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.