ஆறுமுகமான கோணமூக்கன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை, ஒரு காக்கா. ஆமாம், நம் கோணமூக்கன்தான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் நீ வரைந்து, நான் வசனம் எழுதிய அதே பயல். அவனைத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம் என்று எழுத ஆரம்பித்தேன், ஆனால் அது முழு உண்மையில்லை.

அவனை வைத்து இருபது வினாடிக்கு ஒரு அனிமேஷன் செய்து பார்க்க ஆசை. வினாடிக்கு 24 பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து ஓட்டினால் 12 படத்தோடு சமாளிக்கலாம். அப்படியும் மொத்தம் 240 படம். நீ அவனுக்கு இறக்கைக்கு ஒன்பது இறகு வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? எண்ணிக்கை குறைந்தால் சண்டைக்கு வருவாய். இரண்டு இறக்கைக்கும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தேன், 4,320 இறகு. வால் தனி. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை, உன்னைக் கேட்காமலே, ஒன்பதை மூன்றாக்கிவிட்டேன். கார்ட்டூன்காரர்கள் கைக்கு நான்கு விரலோடு நிறுத்திக்கொள்வதிலும் பாதி இந்தக் கணக்குதான்.

இறகில் கை வைத்தாயிற்று, மற்றதை மட்டும் ஏன் விடவேண்டும் என்று ஆறு பாணிகளில் வரைந்து பார்த்தேன்.

முதலில் 1920களின் பழைய அமெரிக்க கார்ட்டூன் பாணி. முழங்கை, முழங்கால் எதுவும் கிடையாது, எல்லாம் ரப்பர் குழாய் போல வளையும். வரைய அவ்வளவு சுகம்! ஆனால் நம் ஆள் உச்சி முதல் வால் வரை கறுப்பு. இறக்கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தால் இறக்கையே காணாமல் போகிறது. மிக்கி மவுஸுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. 1928இல் வெறும் கறுப்புக் கையோடு வந்தவனுக்கு அடுத்த வருடமே வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள். இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். உடம்புக்கு முன்னால் கை தெரிவதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்பது நானே இந்தத் தொல்லையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. நானும் இறக்கை நுனிக்கு வெள்ளை அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு வாளியில் கையை விட்ட காக்கா மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஜப்பானிய காமிக்ஸான மாங்கா பாணி. கண்ணைப் பெரிதாக்கி உள்ளே இரண்டு ஒளிப்புள்ளி வைத்ததும் காக்கா செத்து, புறாக்குஞ்சு பிறந்தது. நம் பயலுக்கு இருந்த திருட்டு முழி போயே போய்விட்டது. கண் அவ்வளவு சின்ன விஷயமில்லை. மிக்கிக்குக்கூட முதலில் வெறும் கறுப்பு முட்டைக் கண்தான். 1939 வாக்கில் டிஸ்னி ஓவியர் பிரெட் மூர் அதில் வெண்விழி வைத்து, உள்ளே கருவிழியைப் போட்டார். அதன் பிறகுதான் அந்த எலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே தெளிவாகத் தெரிந்தது. கோணமூக்கனுக்கு நீ ஆரம்பத்திலேயே ஓரக்கண் வைத்துவிட்டாய். பதின்மூன்று வயதில் உனக்கு அது எப்படித் தோன்றியது?

ஐம்பதுகளில் யூபிஏ என்ற அமெரிக்க கார்ட்டூன் ஸ்டூடியோ பிரபலமாக்கிய தட்டைப் பாணியில், ஒரு முக்கோணம், ஒரு நீள்வட்டம், இரண்டு குச்சி, முடிந்தது காக்கா. பார்க்க அழகுதான், சுவரில் மாட்டலாம். பேச வைத்தால் பொம்மை பேசுவது போல இருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே தடிமனில், நிழலே இல்லாமல் வரையும் பெல்ஜியம் காமிக்ஸ் பாணியில், தாளில் காக்கா வடிவத்தில் ஓட்டை விழுந்தது போலத் தெரிந்தான். தூரிகையும் மையும் வைத்து வரைந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சட்டையெல்லாம் மை.

கடைசியாக நிஜக் காக்காவைப் பார்த்து வரைந்தேன். அது நேராக நம்மைப் பார்ப்பதே அபூர்வம், கண் இரண்டும் தலைக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன. புருவமும் இல்லை. கோபமா, சிரிப்பா, எதைக் காட்டுவது? ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. நாம் தினமும் பார்க்கும் காக்காவுக்குக் கழுத்து சாம்பல் நிறம்! அண்டங்காக்கைதான் முழுக் கறுப்பு. நம்மிடம் இருந்தது ஒரே மைப்பேனா, அதனால் நம் பயலை அண்டங்காக்கை ஆக்கிவிட்டோம். கழுத்துக்குச் சாம்பல் பூசியதும் தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் நின்றன. கையுறை இல்லாமலே பாதித் தொல்லை தீர்ந்தது.

சரி, இதெல்லாம் செய்தும் ஆறில் ஒன்றுகூட அவன் இல்லை. கோணல் மூக்கை ஆறிலும் அப்படியே வைத்திருந்தேன். பெயரே அதுதானே, அது இருந்தால் அவன் இருப்பான் என்று நம்பினேன். ஆறு தாளையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தால், கோணல் மூக்கோடு ஆறு அந்நியர்கள்.

பழைய பெட்டியைக் கிளறினேன். உன் வரலாற்று நோட்டுப் புத்தகம், கிழிந்த அட்டையோடு அகப்பட்டது. (அது என்னிடம்தான் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று அன்று சொன்னது பொய். மன்னித்துவிடு.) முதல் கோணமூக்கன் பக்கத்தின் வலது ஓரத்தில் இருக்கிறான். கால் இரண்டும் வலது பக்கம் நடக்கின்றன. உடம்பை முடித்துவிட்டுத் தலைக்கு வந்தபோது தாள் தீர்ந்துபோயிருக்கிறது உனக்கு. மூக்குக்கு இடமில்லை. அதனால் தலையைப் பின்னால் திருப்பிவிட்டாய். அவன் போய்க்கொண்டே, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறான். அந்த நிற்காத காலும் திரும்பிய கழுத்தும்தான்டா அவன். பிறகு வந்த படங்கள் எல்லாவற்றிலும், தாராளமாக இடம் இருந்தபோதும், நீ அவனை அப்படியேதான் வரைந்திருக்கிறாய். நானோ ஆறு முறையும் பெரிய தாளின் நட்டநடுவில், போட்டோவுக்கு நிற்பவனைப் போல நிறுத்தி வைத்திருந்தேன்.

இப்போது ரப்பர் குழாய் உடம்பு, சாம்பல் கழுத்து, உன் ஓரக்கண், மூன்று இறகு. கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நடக்க வைக்கும்போது கழுத்து எங்கே முறுகும் என்று இன்னும் பிடிபடவில்லை. முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் சரியாகும் போலிருக்கிறது.

படம் எதையும் இத்துடன் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். என் படத்தைப் பார்த்தால் உன் கை அதன் பின்னால் போய்விடும். கையில் கிடைத்த துண்டுத் தாளில், ஞாபகத்தில் இருக்கிறபடி ஒரு கோணமூக்கனைப் போட்டு அனுப்பு. அழிக்காதே, திருத்தாதே. இறகு ஒன்பது வைத்தாலும் பரவாயில்லை.

உன் புது மேலதிகாரி பற்றி எழுதியிருந்தாயே, நீ வர்ணித்த அந்த மீசையை வரைந்து பார்த்தேன். அதை மட்டும் தபாலில் அனுப்ப முடியாது, நேரில் காட்டுகிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்